செஞ்சிப் பக்கம் ஒரு குள்ளர் மேடு: எடுத்த கல்லும் வைத்த கல்லும்

எனக்கு வீட்டில் தூக்கம் வராது. இருபத்திரண்டு வருடமாகப் பால் பண்ணையில் பாக்கெட் போடும் பிரிவில் இரவு ஷிஃப்ட். ஊரே உறங்கும்போது விழித்திருந்து பழகிய உடம்பு, லீவு நாளில் மெத்தையில் போட்டால் விட்டத்தை முறைத்துக்கொண்டு கிடக்கும். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துவிடுவேன். நான் ஊர் ஊராகச் சுற்றுவதற்கு உண்மையான காரணம் இதுதான். வரலாறு, கல்வெட்டு என்று இந்த வலைப்பதிவில் நான் அளப்பதெல்லாம் அப்புறமாக வந்து ஒட்டிக்கொண்டவை.

செஞ்சிக்குப் போகச் சொன்னவர் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர். அந்தப் பக்கத்துக்காரர். ஒருநாள் டீ குடிக்கும்போது, "கோட்டைய எல்லாரும் பாக்கறாங்க. எங்க ஊரண்ட குள்ளர் மேடுன்னு ஒண்ணு இருக்குது. கோட்டைக்கெல்லாம் ரொம்ப முந்தி செத்தவங்கள பொதைச்ச எடமாம். போய்ப் பாரு" என்றார். இறந்தவரைப் பலகைக் கற்களுக்கு நடுவே வைத்து, மேலே கல்லைக் குவித்து, சுற்றிலும் பெரிய கற்களை வட்டமாக நிறுத்தும் பழைய வழக்கம் அது. கற்குவை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். ஈராயிரம் வருடத்துக்கு மேல் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது குள்ளர்கள் குடியிருந்த வீடு. அவ்வளவு சின்ன அறைக்குள் வேறு யார் இருக்க முடியும்?

மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். இந்தப் பதிவில் வழக்கம்போல நேரம், தூரம், செலவு எல்லாம் சொல்வேன். ஒரு இடத்தில் மட்டும் சொல்ல மாட்டேன். ஏன் என்று முழுதும் படித்தால் உங்களுக்கே புரியும்.

கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் காலை 4.40க்கு ஏறினேன். செஞ்சிக்கு டிக்கெட் 125 ரூபாய், சுமார் 120 கிலோமீட்டர். திண்டிவனம் வந்ததே எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது பஸ் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. வயல், பனைமரம், கரெண்ட் கம்பம் எல்லாம் பாதி அழிந்து கிடந்தன. அப்புறம் வானத்தில் ஒரு மலை மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. உருண்டைப் பாறைகளும் அவற்றின் மேல் ஒரு மதிலும் அந்தரத்தில் நின்றன. நான் இன்னும் கனவில்தான் இருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பக் கண்ணை மூடினேன். கண்டக்டர் தோளைத் தட்டி, "சார், செஞ்சி! எறங்கலியா?" என்றார். மணி 7.35.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம் இரண்டு இட்லி, ஒரு பொங்கல், ஒரு காபி, 75 ரூபாய். பொங்கலில் மிளகு தாராளம். வெளியே வந்ததும் ஏழுமலை என்ற ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். அறுபது வயதிருக்கும், காதைச் சுற்றி மப்ளர்.

"கோட்டைக்கா சார்?"

"இல்லீங்க, முதல்ல சிங்கவரம். அப்புறம் குள்ளர் மேடு."

"அங்க இன்னாத்துக்கு சார்? அங்க ஒண்ணும் கெடையாது, வெறும் கல்லு. கல்லு பாக்கணும்னா கோட்டையிலயே வேண்டியது இருக்குதே."

பேரம் பேசி 500 ரூபாய்க்குப் படிந்தது. இரண்டு இடத்திலும் விட்டு, மதியம் இரண்டு மணிக்கு வந்து திரும்பக் கூட்டிப் போக வேண்டும். இப்போது யோசித்தால் அந்த மனிதருக்கு அது நஷ்டம்.

சிங்கவரம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்டோவில் பத்து நிமிடம். படியேறிப் போனால் குடைந்த பாறைக்குள் ரங்கநாதர் நீட்டிப் படுத்திருக்கிறார். மலையையே வெட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள், மூச்சு விடும் சத்தம் கேட்காத குறைதான். அரையிருட்டில் விளக்கு அசையும்போது அவர் புரண்டு படுக்கப் போவதாக இரண்டு முறை தோன்றியது. தூக்கம் வராத ஒருவன் தூங்கும் சாமியைப் பார்த்தால் பொறாமை வரும். எனக்கு வந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கீழே நெல் வயலிலிருந்து பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. சைக்கிளில் போன ஒருவர் பெல் அடித்தார், ஆள் தெரியாமல் சத்தம் மட்டும் தெளிவாக மேலே வந்தது.

9.30க்கு அங்கிருந்து கிளம்பினோம். அடுத்த இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம், எந்த ஊரில் திரும்ப வேண்டும் என்பதுதான் நான் சொல்லாமல் விடுவது. தார் ரோடு முடிந்து மண் பாதையில் கொஞ்ச தூரம் போய் ஆட்டோ நின்றது. "அதோ தெரியுதே, அதான்" என்று கையைக் காட்டிவிட்டு ஏழுமலை திரும்பிப் போய்விட்டார்.

உழுது போட்ட செம்மண் நிலம். வேர்க்கடலை போடுவதற்குத் தயாராக, மண் பொலபொலவென்று இருந்தது. நடுவில் ஒரு கல் குவியல். இடுப்பு உயரம், பத்துப் பன்னிரண்டு அடி குறுக்களவு. ஒரு பக்கம் ஒற்றை வேப்பங்கன்று. நெருங்கிப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முஷ்டி அளவு, தேங்காய் அளவுக் கற்கள். சிலவற்றில் புதிதாகக் கலப்பை பட்ட வெள்ளைக் கீறல். நிலத்தில் பொறுக்கிய கற்களைக் கொண்டுவந்து இதன்மேல் கொட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. உள்ளே எங்கேயோ அந்தப் பழைய மேடு மூடிக் கிடந்தது.

வேப்பங்கன்றின் அரைகுறை நிழலில் உட்கார்ந்தேன். வெயில் இதமாக முதுகில் விழுந்தது. ஒரு ஓணான் கல் இடுக்கிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. தூரத்தில் கோட்டை மலையான ராஜகிரி இன்னும் பாதி பனியில் மிதந்தது. அடுத்து எனக்கு நினைவு இருப்பது, கண் விழித்து மணி பார்த்தால் பன்னிரண்டு. ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன். பஸ் இல்லை, ஆட்டம் இல்லை, வெறும் மண் தரையில்! கடைசியாக எப்போது படுத்த இடத்தில் அப்படித் தூங்கினேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. கனவில் யாரோ பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பயமாக இல்லை, துணையாகத்தான் இருந்தது.

அந்த நன்றிதான் என்னைக் கெடுத்தது. எனக்கு இப்படி ஒரு தூக்கத்தைக் கொடுத்தவர் மேல் இவ்வளவு குப்பைக் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. வரலாற்று உணர்வே இல்லாத ஜனம் என்று மனசுக்குள் ஒரு பாட்டு பாடினேன். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கற்களை எடுக்க ஆரம்பித்தேன். எடுத்து எடுத்து நிலத்தில் வீசினேன். ஒரு மணி நேரத்தில் தெற்குப் பக்கம் முழுதும் திறந்தது. அடியில் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய உருண்டைக் கற்கள் வளைந்த வரிசையாக நின்றன. உள்ளே சாய்ந்தபடி ஒரு பலகைக் கல், அதன் விளிம்பில் கறுத்த ஈரம். கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. என் உடம்பு சிலிர்த்துவிட்டது. போட்டோ எடுத்து எங்கள் பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். மணி 1.05. ஐந்து நிமிடத்தில் பதினான்கு பேர் கைதட்டினார்கள். "லொகேஷன் அனுப்புங்க சார்" என்று ஒருவர் கேட்டார். அனுப்புவதற்காகப் போனை எடுத்தபோதுதான் மண் பாதையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

வந்தவர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், சுடிதார், தோளில் ஒரு பை, அதில் செஞ்சியில் ஏதோ ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெயர். ஸ்கூட்டரை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார், பிறகு மேட்டைப் பார்த்தார். ஸ்டாண்ட் போட மறந்து இறங்கியதில் வண்டி சாய்ந்து விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க? யாரு நீங்க?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். சென்னையிலிருந்து வருகிறேன், இதெல்லாம் எவ்வளவு பழையது தெரியுமா, மேலே கிடந்த கல்லையெல்லாம் அப்புறப்படுத்திச் சுத்தம் செய்திருக்கிறேன் என்றேன். அவர் நிலத்தைக் காட்டினார். நான் வீசிய கற்கள் உழுத மண்ணில் நாலா பக்கமும் கிடந்தன.

"நாளைக்குக் காலைல வெத போட பன்னெண்டு ஆளு வருது. ரெண்டு நாளா ஆள் வச்சிக் கல்லு பொறுக்கி முடிச்ச நெலம் சார் இது." காலருகே கிடந்த ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். "அதுகூடப் போவட்டும். மறுநாளு அமாவாச. இது இன்னான்னு நாளைக்கு வர்றவங்க பாத்தாங்கன்னா, சாயந்தரத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சிரும். அமாவாச ராவே வந்து தோண்டிட்டுப் பூடுவாங்க."

அவர் பெயர் செல்வி. அந்த லேபில் டெக்னீஷியன். எண்பது சென்ட் நிலம் அவருடையது. பக்கத்து ஊர் எல்லையிலும் இதுபோல ஒரு மேடு இருந்ததாம். இரண்டு வருடம் முன்பு யாரோ பார்க்க வந்து, போட்டோ எடுத்து, எங்கேயோ போட்டிருக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்குப் புதையல் எடுக்கிறோம் என்று ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"காலைல போய்ப் பாத்தோம். ஆளு ஒசரத்துக்குக் குழி. எலுமிச்சம்பழம், மஞ்சத்தூளு, ஒடைஞ்ச பான ஓடு. எலும்பத் தூக்கி வரப்பு மேல வீசியிருந்தானுங்க."

"புதையல் கிடைச்சுதா?"

"மண்ணு கெடச்சிது."

நான் போனை எடுத்தேன். பதினேழு கைதட்டல்கள். லொகேஷன் கேட்டவர் இப்போது இரண்டாம் முறை கேட்டிருந்தார். போட்டோவை எல்லோருக்கும் அழியும்படி நீக்கினேன், போனிலும் அழித்தேன். செல்வி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாருக்காச்சும் அனுப்பினீங்களா? நெசமா சொல்லுங்க." இல்லை என்றேன். ஆனால் அந்தப் பதினேழு பேர் பார்த்ததை எப்படி அழிப்பது? ஊர் பெயர் நான் எழுதவில்லை. அது ஒன்றுதான் தப்பித்தது.

"சாயந்தரத்துக்குள்ள மூடணும்" என்றார் செல்வி. ஸ்கூட்டரை நிமிர்த்தி, அதன் பின்னால் கட்டியிருந்த இரண்டு மண்கூடைகளை அவிழ்த்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "கல்லப் பொறுக்குங்க சார், அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

முதல் கூடையை நிரப்பிக்கொண்டு போய் மேட்டில் கொட்டினேன். அவர் கத்திவிட்டார்.

"கொட்டாதீங்க! ஒவ்வொண்ணா வைங்க. இங்க யாரும் கல்ல எறிய மாட்டாங்க, கொட்டவும் மாட்டாங்க."

காரணத்தைக் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார். நிலம் முன்பு ஒரு நயினாருடையது. அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பங்களை அப்படித்தான் சொல்கிறார்கள். வேர்க்கடலை விதைப்புக்கு முன்னால் பெண்கள் கல் பொறுக்கி மேட்டில் போடும்போது அந்த நயினார் குடையோடு வந்து நிற்பாராம். இடுக்கில் தேள், பூரான், ஓணான் குடியிருக்கும், எறிந்தால் நசுங்கிவிடும், வைக்கத்தான் வேண்டும் என்பாராம். செல்வியின் அம்மா அங்கே கூலிக்குக் கல் பொறுக்கியவர். ஆனால் அவர் வைத்ததற்குக் காரணம் வேறு.

"எங்கம்மா சொல்லும், தூங்கறவன் மேல கல்ல எறிவியாடின்னு. நயினாரு பூரானுக்காகச் சொன்னாரு, எங்கம்மா உள்ள இருக்கறவனுக்காகச் சொல்லுச்சு. ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்கிட்டதே கெடையாது."

எனக்குக் கை நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. இறந்தவர் மேல் ஒவ்வொருவராகக் கல் வைத்து எழுப்பியதுதானே இந்த மேடே. அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு விதைப்பிலும் யாரோ ஒரு பெண் கூடையோடு வந்து குனிந்து ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறாள். நான் அதைக் குப்பை என்று வீசியிருக்கிறேன்.

வெயில் சாயத் தொடங்கியதும் மண்ணின் நிறம் மாறியது. குனிந்து எடுப்பதும் நடப்பதும் வைப்பதுமாக நேரம் போனதே தெரியவில்லை. தூரத்தில் கோட்டை மலைகள் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தன. பகலெல்லாம் நான் சரியாக விழித்திருக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம். அந்த ஓணான் மட்டும் நடுநடுவே வந்து வேலையைப் பார்வையிட்டது.

இதற்கு நடுவே இரண்டு மணிக்கு வந்த ஏழுமலை வரப்பிலேயே நின்று, "இன்னா சார், கூலி வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றார். விஷயம் தெரிந்ததும் மப்ளரைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். முனகிக்கொண்டே இருந்தார், ஆனால் என்னைவிட இரண்டு மடங்கு பொறுக்கினார்.

நாலரை மணி சுமாருக்குப் பலகைக் கல் மறைந்தது. வெளி வரிசையின் கடைசி உருண்டையும் கொஞ்ச நேரத்தில் மூடியது. தெற்குப் பக்கம் முன்பு இருந்த மாதிரி வரவில்லை, சற்றுத் தூக்கலாகவே இருந்தது. ஆனால் பாதையில் போகிறவருக்கு அது கல் குவியல், அவ்வளவுதான். செல்வி சுற்றி வந்து பார்த்தார். ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்து அங்கிருந்த கற்களைக் கையால் தடவினார்.

"எங்கம்மா போன வருசம் போயிடுச்சு. மழ நாளு. சுடுகாட்டாண்ட பொதைச்சோம். அடையாளத்துக்குக் கல்லு கில்லு ஒண்ணும் வைக்கல. இந்த வருசம் அந்த எடத்துல வேற ஆளப் பொதைச்சிட்டாங்க." ஒரு கல்லை நகர்த்திச் சரியாக உட்கார வைத்தார். "இந்தப் பக்கந்தான் எப்பவும் வைக்கும். முட்டி வலிக்கும், அந்தாண்ட சுத்திப் போவாது. இந்த நெலத்த லோன் போட்டு நான் வாங்கினப்ப, எல்லாரும் மேட்ட எடுத்துட்டா இன்னும் நாலு சால் கூட உழலாம்னாங்க. நான்தான் எடுக்கல. அம்மா கையால வச்ச கல்லு எவ்ளோ இதுல இருக்குதோ."

அந்தப் பக்கத்தைத்தான் நான் முழுதாகப் பிரித்துப் போட்டிருந்தேன். அவருடைய அம்மா வைத்த கற்கள் இனி எந்தப் பக்கம் இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏழுமலை எப்படியும் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

செல்வி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "எங்கயும் போவல சார். எல்லாம் இதுலதான் இருக்குது. கலைஞ்சி இருக்குது, அவ்ளோதான்." பிறகு வரப்போரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு கல்லை என் கையில் கொடுத்தார். அது நான் வீசியது இல்லை. புதிது, ஒரு பக்கம் செம்மண் ஒட்டியிருந்தது. "இங்க வேல செஞ்சவங்க எல்லாரும் வச்சிருக்காங்க. நீங்களும் ஒண்ணு வைங்க."

வைத்தேன். ஏழுமலையும் ஒன்று வைத்தார், செருப்பைக் கழற்றிவிட்டு.

5.40 பஸ்ஸைப் பிடித்தேன். ஏழுமலை ஆட்டோவுக்கு 500க்கு மேல் வாங்க மறுத்தார், டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார், 30 ரூபாய். ஆக மொத்தம் போய்வர எனக்கு 855 ரூபாய் ஆனது. கோட்டை ஏறவில்லை. நீங்கள் போனால் காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும், குரங்குக் கூட்டம் உண்டு, கையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். சிங்கவரத்தில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் போவது நல்லது. நேரம் இருந்தால் பனமலைக் கோயிலையும் ஏரியையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிவில் மேட்டின் படம் இல்லை. லொகேஷன் கேட்டுப் பின்னூட்டம் போட வேண்டாம், பதில் வராது. அந்தப் பக்கம் போகும்போது நிலத்துக்கு நடுவில் கல் குவியலைப் பார்த்தால், அது வெறும் குவியலாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். நிலத்துக்காரர் கூப்பிட்டால் மட்டும் ஒன்று வையுங்கள், மெதுவாக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலோரம் விழித்தபடி உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிவிட்டேன். செஞ்சிப் பக்கம் ஒரு வேர்க்கடலை நிலத்தில் என் கல் ஒன்று இருக்கிறது. செல்வியின் அம்மா வைத்த கற்களோடு கலந்து கிடக்கிறது. எது என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது.